ஐந்தாவது வருகை

அண்ணனை வேலையைவிட்டு நீக்கும் கடிதத்தைத் தங்கைதான் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. கம்பெனியில் அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை.

முதலாளி மேசைக்கு எதிரே நின்றுகொண்டே சொன்னார். பக்கத்தில் நாற்காலி இருந்தது. உட்கார்ந்தால் மனம் இளகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

"எழுதிக்கோம்மா. 'பராமரிப்புப் பணியில் தொடர்ந்து கவனக்குறைவு காட்டியதால்...' எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் சார்."

"'தங்களை இன்று முதல் பணியிலிருந்து...' தங்களைன்னு போட்டியா, உன்னைன்னு போட்டியா?"

"தங்களைன்னுதான் சார்."

"சரி, மரியாதையாவே இருக்கட்டும். கடைசியில 'நகல்: காப்பீட்டு நிறுவனம்'னு போடு."

அந்தக் கடைசி வரியில் அவள் விரல் நின்றது. நகல் அங்கே போனால் அண்ணனுக்கு இந்த வேலை மட்டும் போகாது. அவர்கள் ஒருவன் பெயரைக் குறித்துவைத்துவிட்டால் வேறு எந்த லிஃப்ட் கம்பெனியும் அவனைச் சேர்த்துக்கொள்ளாது. இருபத்திரண்டு வருடமாக அண்ணனுக்குத் தெரிந்த ஒரே தொழில் லிஃப்ட்.

கீழே பட்டறை, மரப்படி ஏறினால் ஆபீஸ். நானூற்றுப் பன்னிரண்டு லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனி அது. மெக்கானிக்குகள் ஆறு பேர். ஒப்பந்தப்படி ஒவ்வொரு லிஃப்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். போனவர் சீட்டு எழுதி, கட்டடத்துக் காவலாளியிடம் கையெழுத்து வாங்கி வருவார். அந்தச் சீட்டை அவள் கணினியில் ஏற்றுவாள். ஏற்றியதும் சீட்டு கிழிக்கிற இயந்திரத்துக்குப் போய்விடும். காகிதமே இல்லாத ஆபீஸ் என்பது மாப்பிள்ளையின் கொள்கை.

மாப்பிள்ளை என்றால் முதலாளியின் மகளைக் கட்டியவர். முதலாளிக்கு மாப்பிள்ளை, அதனால் வாசல் காவலாளிக்கும் மாப்பிள்ளை, வேன் டிரைவருக்கும் மாப்பிள்ளை. கம்பெனிக்குக் கணினியைக் கொண்டுவந்தவர். அதில் வருகைகளை எழுதும் டேபிளை, அதாவது அட்டவணையை, தன் கையால் அமைத்தவர். அதில் குறை சொல்வது, பெண் கொடுத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளையின் மூக்கைக் குறை சொல்வது மாதிரி. யாரும் சொன்னதில்லை.

அண்ணனுக்குக் கம்பெனியில் பெயர் கிரீஸ். எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. பேச்சு குறைவு. "கிரீஸ்கிட்ட நாலு வார்த்தை வாங்குறதுக்குள்ள நாலு மாடி ஏறி இறங்கிடலாம்" என்பார் ஸ்டோர்கீப்பர். கிரீஸின் தங்கை என்பதால் அவள் எல்லோருக்கும் தங்கச்சி. ஐம்பத்தெட்டு வயது ஸ்டோர்கீப்பருக்கும் தங்கச்சி, அவளைவிட எட்டு வயது சிறியவனான வெல்டருக்கும் தங்கச்சி.

காப்பீட்டு நிறுவனம் வருடக் கடைசியில் ஒரு பட்டியல் கேட்டிருந்தது. எந்த லிஃப்டாவது ஏதாவது ஒரு காலாண்டில் பார்க்கப்படாமல் விடப்பட்டிருக்கிறதா? மாப்பிள்ளை முந்தின நாள் ஒரு குவெரி எழுதி அந்தக் கேள்வியை டேபிளிடம் கேட்டார். இருபத்துமூன்று லிஃப்டுகள் வந்து விழுந்தன. பதினேழு கிரீஸின் பொறுப்பில் இருந்தவை. மீதி ஆறு வேறு இருவருடையவை. அவர்களுக்கு எச்சரிக்கை, கிரீஸுக்குக் கடிதம் என்று முடிவாயிற்று.

முதலாளி அநியாயக்காரர் அல்ல. காலையில் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

"போனியா?"

"போனேன்."

"போனா ஏன் கம்ப்யூட்டர்ல இல்ல?"

"தெரியல."

"வேற எதாவது சொல்லேன்டா."

அண்ணன் யோசித்தான். "போனேன் சார்," என்றான்.

அவ்வளவுதான். போனதற்குச் சீட்டு இல்லை. கையெழுத்துப் போட்ட காவலாளிகளில் பாதிப் பேர் இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இருப்பவர்களுக்கு நேற்று வந்தவன் முகமே நினைவில்லை.

அவள் நகல் வரியை எழுதி முடித்தாள். அச்சிடவில்லை.

"சார், ரெண்டு மணி வரைக்கும் டைம் குடுங்க. அந்தக் குவெரிய நான் ஒரு தடவை பாத்துடுறேன்."

"அண்ணன்னு பாக்குறியாம்மா?"

"ஆமா சார். அண்ணன்னுதான் பாக்குறேன்."

கதவருகே நின்ற மாப்பிள்ளை சொன்னார்: "குவெரி சரியாத்தான் இருக்கு மாமா. ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தேன். ரெண்டு தடவையும் அதே இருபத்துமூணு."

"தப்பா இருந்தாலும் ரெண்டு தடவையும் அதேதான் வரும் மாப்பிள்ளை சார்," என்றாள்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பத்து. "ரெண்டு மணி," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

*

அவள் முதலில் குவெரியைத்தான் சந்தேகப்பட்டாள். நாளும் மாதமும் இடம் மாறியிருக்கலாம். மூன்றாம் தேதி ஏப்ரலை நான்காம் தேதி மார்ச் என்று கணினி எடுத்துக்கொண்டால் காலாண்டே மாறிவிடும். பத்து லிஃப்டுகளை எடுத்து ஒவ்வொரு தேதியாகப் பார்த்தாள். நாள் நாளாகவே இருந்தது. மாதம் மாதமாகவே இருந்தது. மாப்பிள்ளையின் குவெரியில் ஒரு காற்புள்ளி கூடத் தவறில்லை. முக்கால் மணி நேரம் போயிற்று.

அவளுக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். லிஃப்ட் எண் இருநூற்றுப் பதினாலு, ஒரு துணிக் கிடங்கில் இருப்பது, கதவு அடிக்கடி சிக்கும். பிப்ரவரியில் அந்தக் கதவில் அண்ணனின் வலது கை நசுங்கியது. இடது கையால் கிறுக்கிய கையெழுத்தோடு சீட்டு வந்தது. "என்னண்ணா, கோழி நடந்த மாதிரி இருக்கு" என்று சிரித்துக்கொண்டே அவள்தான் அதை ஏற்றினாள். மாப்பிள்ளையின் பட்டியலில் இருநூற்றுப் பதினாலு இருந்தது. முதல் காலாண்டு காலி.

கேட்ட கேள்வியில் பிழை இல்லை. அப்படியானால் பதில் இருக்கும் இடத்தில் பிழை.

குவெரியை மூடிவிட்டு டேபிளைத் திறந்தாள். ஒரு லிஃப்டுக்கு ஒரு வரி. அந்த வரியில் தேதி எழுத நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மெக்கானிக் பெயர். இரண்டு வருடமாக அவள் தினமும் பார்க்கிற வரிதான். தினமும் பார்ப்பதால் பார்க்காமலே விட்ட வரி.

இருநூற்றுப் பதினாலு. முதல் கட்டம்: நவம்பர் பத்தொன்பது. இரண்டாவது: மே பன்னிரண்டு. மூன்றாவது: ஜூன் மூன்று. நான்காவது: ஆகஸ்ட் இருபத்தொன்று.

இன்னொரு முறை படித்தாள். முதல் வருகை நவம்பரில், இரண்டாவது வருகை மே மாதத்தில். எந்த ஊரில் நவம்பருக்குப் பின்னால் அதே வருடத்து மே வரும்?

அப்போது அவள் விரல்களுக்கு நினைவு வந்தது. மூளைக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் மாப்பிள்ளையிடம் கேட்டாள். ஒரு லிஃப்ட் இடையில் பழுதாகி, மெக்கானிக் ஐந்தாவது தடவை போனால் எங்கே போடுவது? அவர் அலைபேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாலுதான் வரும். மீறி வந்தா மறுபடி முதல்லேர்ந்து போடுங்க." அவளும் போட்டாள். ஐந்தாவது தேதியை முதல் கட்டத்தில் அடித்தாள். அங்கே இருந்த பிப்ரவரி சத்தமில்லாமல் போனது. ஆறாவது வந்தால் இரண்டாவது கட்டம். ஒருமுறைகூடக் கை தயங்கவில்லை.

அதாவது, ஐந்து தடவை போனவன் முதல் தடவை போகாதவன் ஆகிவிட்டான். அடிக்கடி பழுதாகும் பழைய லிஃப்டுகள் எல்லாம் அண்ணனிடம் இருந்தன. புதியவற்றை மற்றவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இவன் எதையும் கேட்பதில்லை. அதிகம் போனதால் அதிகம் அழிந்தது. அழித்தது அவள் கை.

எழுந்து தண்ணீர் குடித்தாள். சன்னலுக்குக் கீழே பட்டறையில் அண்ணன் ஒரு கதவு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு மணிக்கு வேலை போகப் போகிறவன் திருகாணிகளை அளவுவாரியாகத் தகரமூடியில் அடுக்கிக்கொண்டிருந்தான். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

நினைப்பு போதாது. நிரூபிக்க வேண்டும். சின்னதாக ஒரு குவெரி எழுதினாள்: முதல் கட்டத்துத் தேதி நான்காவது கட்டத்துத் தேதியைவிடப் பிந்தியது எது எது?

இருபத்தைந்து வந்தது.

இருபத்துமூன்று என்று எதிர்பார்த்திருந்தாள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தாள். இருபத்திரண்டு ஒத்துப்போயின. புதிதாக வந்த மூன்றும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் இரண்டு தடவை போன லிஃப்டுகள். ஒன்று அழிந்தும் இன்னொன்று மிஞ்சியதால் மாப்பிள்ளையின் பட்டியலில் சிக்காமல் தப்பியவை. சரி. அது புரிந்தது.

மாப்பிள்ளையின் பட்டியலில் ஒன்று அடிபடாமல் நின்றது. எண்பத்தெட்டு. நான்கு கட்டங்களும் வரிசையாக இருந்தன. ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட், நவம்பர். எதன்மேலும் எதுவும் எழுதப்படவில்லை. முதல் காலாண்டில் யாருமே போகவில்லை. நிஜமாகவே போகவில்லை.

அது அண்ணனின் லிஃப்ட்.

ஒரு தேதி. எட்டு எண்கள், நடுவில் இரண்டு கோடுகள். பத்துத் தடவை விசையைத் தட்டினால் முடிந்தது. அறையில் யாரும் இல்லை. மின்விசிறி மட்டும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் தேடியது, எழுதியது எழுதியபடி இருக்க வேண்டும் என்பதற்காக. பென்சிலால் எண்பத்தெட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

*

அழிந்ததை எப்படி மீட்பது என்பது பதினொரு மணிக்கு எழுந்த கேள்வி. அதற்கு விடை இரும்பு அலமாரியில் இருந்தது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆபீஸ் பூட்டுமுன் அவள் டேபிள் இருக்கும் ஃபைலை ஒரு பேக்கப் டிரைவில் நகலெடுத்து அந்த அலமாரியில் வைப்பாள். சேர்ந்த புதிதில் ஒரு நாள் மின்சாரம் போய் இரண்டு வார வேலை காணாமல்போனது. அன்றிலிருந்து பழக்கம். பழைய நகலை நீக்கமாட்டாள். தேதியைப் பெயராகப் போட்டுப் புதிய நகலை வைப்பாள். "பழைய ஃபைலெல்லாம் எதுக்குங்க, ஊறுகாயா போடப் போறீங்க?" என்று மாப்பிள்ளை கேட்டதுண்டு. இந்த வருடத்துக்கு நாற்பத்தொன்பது வெள்ளிக்கிழமைகள் அதில் இருந்தன.

பிப்ரவரி வெள்ளியின் ஃபைலைத் திறந்தாள். இருநூற்றுப் பதினாலு. முதல் கட்டம்: பிப்ரவரி பதினொன்று. மெக்கானிக்: கிரீஸ்.

அந்த வரியைத் தாளில் எழுதிக்கொண்டாள்.

பிறகு புதிய டேபிள் ஒன்றை அமைத்தாள். கட்டங்கள் மூன்றுதான். லிஃப்ட் எண், தேதி, மெக்கானிக். ஒரு வருகைக்கு ஒரு வரி. ஐந்தாவது வந்தால் ஐந்தாவது வரி. அதற்கு ஒரே ஒரு சட்டம் போட்டாள்: லிஃப்ட் எண்ணும் தேதியும் சேர்ந்து இரண்டாம் முறை வரக் கூடாது.

முதல் வெள்ளியின் வருகைகளை அதில் கொட்டினாள். முப்பத்தொரு வரிகள் சேர்ந்தன. இரண்டாவது வெள்ளியைக் கொட்டியதும் திரையில் மஞ்சள் முக்கோணத்தோடு எச்சரிக்கை வந்தது. முப்பத்தாறு வரிகள் சேர்க்கப்படும், முப்பத்தொரு வரிகளைச் சேர்க்க முடியாது, தொடரலாமா என்று கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதைத்தான் அவள் கேட்டிருந்தாள். தெரிந்ததை மறுபடி எழுதாதே, தெரியாததை மட்டும் எழுது. தொடரலாம் என்றாள்.

ஆனால் நேரம் பிடித்தது. ஒரு ஃபைலை இணைத்து, நான்கு கட்டங்களுக்கும் தனித்தனியாக நான்கு தடவை கொட்டி, எண்ணிக்கையைத் தாளில் குறித்து, அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு ஃபைலுக்கு ஆறு நிமிடம். பன்னிரண்டு மணிக்கு ஒன்பது ஃபைல்கள் முடிந்திருந்தன. நாற்பது பாக்கி. மனக்கணக்குப் போட்டுப் பார்த்தாள். மாலை நாலு ஆகும்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை உள்ளே வந்தார்.

"என்னங்க, எர்ரரா வருது?"

"எர்ரர் இல்ல. இருக்கறத மறுபடி சேக்க மாட்டேன்னு சொல்லுது. நாந்தான் அப்படிச் சொல்லிவெச்சேன்."

அவர் குனிந்து பார்த்தார். பென்சில் பட்டியலைப் பார்த்தார். இருநூற்றுப் பதினாலின் பழைய வரியையும் இன்றைய வரியையும் பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நல்ல மாணவர்தான், முழுதும் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. காதுமடல் சிவந்தது.

"முதல்லேர்ந்து போடுங்கன்னு நாந்தானே சொன்னேன்."

"போட்டது நான்."

"மாமாகிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்றேன். மொதல்ல முடியட்டும். முடியாது போலருக்கு."

மாப்பிள்ளை திரையை மறுபடி பார்த்தார். "ஏன் நாலு தடவை கொட்டறீங்க? நாலு கட்டத்தையும் ஒண்ணு கீழ ஒண்ணா அடுக்கி ஒரே குவெரி ஆக்கிடலாமே. ஒரு ஃபைலுக்கு ஒரு தடவை போதும்."

"எனக்கு அது எழுதத் தெரியாது."

"எனக்குத் தெரியும். அது ஒண்ணாவது ஒழுங்காத் தெரியும்."

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து நான்கு வரியில் எழுதினார். காலியான கட்டங்களைத் தவிர்க்க ஒரு நிபந்தனை சேர்த்தார். அவள் பத்தாவது ஃபைலை இணைத்துக் கொட்டினாள். ஒன்றரை நிமிடம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் ஃபைல் பெயரை வாசிக்க, அவள் இணைக்க, அவர் எண்ணிக்கையை எழுத, வெள்ளிக்கிழமைகள் வரிசையாக ஓடின. மே. ஜூன். ஸ்டோர்கீப்பர் சாப்பிடக் கூப்பிட்டார். இருவரும் ஒரே நேரத்தில் "அப்புறம்" என்றார்கள். ஸ்டோர்கீப்பர் கீழே போய், மேலே மாப்பிள்ளையும் தங்கச்சியும் ஒரே மேசையில் வேலை செய்கிறார்கள் என்று செய்தி பரப்பினார்.

ஒன்று இருபதுக்குக் கடைசி வெள்ளி முடிந்தது. சரியாக ஆயிரத்து எழுநூறு வரிகள்.

மாப்பிள்ளைக்கு அது பிடித்திருந்தது. அவளுக்குப் பிடிக்கவில்லை. எந்த எண்ணும் அவ்வளவு உருண்டையாக வந்து அவள் பார்த்ததில்லை. தேதிப்படி வரிசைப்படுத்தினாள். கடைசி இரண்டு வரிகள் இன்னும் பிறக்காத அடுத்த வருடத்தைக் காட்டின. அவள் தவறாக அடித்து, மறு வாரம் திருத்திய தேதிகள். இரண்டையும் நீக்கினாள். எதை நீக்கினாள், ஏன் நீக்கினாள் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"இப்போ உங்க கேள்வியக் கேளுங்க," என்றாள்.

மாப்பிள்ளை தன் குவெரியைப் புதிய டேபிளுக்கு ஏற்றபடி மாற்றி ஓட்டினார். எந்தக் காலாண்டிலாவது பார்க்கப்படாத லிஃப்ட் எது?

ஒரே ஒரு வரி வந்தது. எண்பத்தெட்டு.

மாப்பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தார். "இது..."

"தெரியும். காலையிலேயே தெரியும். அச்சடிங்க."

*

இரண்டு மணிக்கு முதலாளி வந்தார். பின்னால் அண்ணன் வந்தான். கையைத் துடைத்த துணி இன்னும் கையிலேயே இருந்தது. முதலாளி இந்த முறை உட்கார்ந்தார். கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்று பேனாவைத் திறந்துவைத்திருந்தார்.

அவள் கடிதத்தைத் தரவில்லை. நடந்ததைச் சொன்னாள். நான்கு கட்டம், ஐந்தாவது வருகை, அதன்மேல் எழுதிய தன் கை. கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"அழிச்சது நீயா?"

"நாந்தான் சார்."

"அப்படிப் போடச் சொன்னது?"

அவள் பென்சில் பட்டியலை நேராக்கி வைத்தாள்.

"நாந்தான் மாமா," என்றார் மாப்பிள்ளை.

"நாலு கட்டம் எதுக்கு வெச்சீங்க? ஆறு வெச்சா என்ன, பத்து வெச்சா என்ன?"

"வருஷத்துக்கு நாலு தடவைன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க."

முதலாளி கூரையைப் பார்த்தார். "சொன்னேன்," என்றார்.

பிறகு அவள் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "கேக்கக் கூடாது. ஆனா காப்பீட்டுக்காரன் கேப்பான், அதனால கேக்குறேன். இந்தத் தேதியெல்லாம் நீ இன்னைக்குக் காலையில உக்காந்து போட்டதில்லன்னு எப்படி நம்புறது?"

"ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை சொல்லுங்க சார்."

"எந்த வெள்ளிக்கிழமை?"

"உங்க இஷ்டம். இந்த வருஷத்துல."

முதலாளி விரலை மடக்கினார். "மார்ச் முதல் வெள்ளி."

அவள் டிரைவில் அந்த ஃபைலைக் காட்டினாள். அதைக் கடைசியாகத் தொட்டது மார்ச் மாதம், மாலை ஐந்து ஐம்பது என்று இருந்தது. திறந்தாள். "ஏதாவது ஒரு லிஃப்ட் சொல்லுங்க." அவர் மாப்பிள்ளையின் இருபத்துமூன்று லிஃப்ட் பட்டியலிலிருந்து மூன்று எண்களைக் கேட்டார். மூன்றிலும் முதல் கட்டத்தில் தேதி இருந்தது. இன்னொரு வெள்ளி கேட்டார். இன்னும் இரண்டு எண்கள் கேட்டார். இருந்தது. ஆறாவதாக எண்பத்தெட்டைக் கேட்டார்.

"அது இல்ல சார்."

"இல்லன்னா?"

அச்சடித்த தாளை அவர் முன்னால் தள்ளினாள். பெரிய தாள், அதில் ஒரே ஒரு வரி. "மொத்தத்துல விட்டுப்போனது இது ஒண்ணுதான். இது அண்ணன் லிஃப்ட்."

முதலாளி தாளைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார்.

"எண்பத்தெட்டுக்குப் போனியாடா?"

"அதுக்குப் போகல," என்றான் அண்ணன்.

"ஏன்?"

"மறந்துட்டேன். மறக்கக் கூடாதுன்னு நோட்டுல எழுதினேன். நோட்ட மறந்துட்டேன்."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றினார். முதலாளி மாற்றவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, பாத்துக்கோங்க. அண்ணனுக்காகப் பொய்க்கணக்கு எழுதறவ இத விட்டுவெப்பாளா? இந்த ஒரு வரிக்காகவே மீதி எல்லாத்தையும் நம்புறேன்."

"இன்னொரு தாளும் இருக்கு மாமா," என்றார் மாப்பிள்ளை. அது அவரே யோசித்து ஓட்டியது. அவளுக்கே தெரியாது. மெக்கானிக் ஆறு பேர், யார் எத்தனை தடவை போனார்கள் என்ற பட்டியல். முதல் பெயர் கிரீஸ். பொறுப்பில் அறுபத்தெட்டு லிஃப்டுகள், ஒப்பந்தப்படி இருநூற்று எழுபத்திரண்டு வருகைகள். போனது முந்நூற்றுப் பதின்மூன்று.

முதலாளி கழித்துப் பார்த்தார். இரண்டு தடவை கழித்தார்.

"நாப்பத்தொண்ணு அதிகமா போயிருக்க."

"இருக்கும்," என்றான் அண்ணன்.

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"போனேன்னு சொன்னேனே சார்."

முதலாளி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "அந்த லெட்டர அழிச்சிடும்மா. காப்பீட்டுக்கு வேற எழுது. எண்பத்தெட்டு விட்டுப்போச்சு, அது எங்க தப்புன்னு மொத வரியிலேயே எழுது. ரெண்டாவது வரியில இந்த நாப்பத்தொண்ண எழுது." எழுந்தவர் நின்றார். "அந்த ரெண்டு பேருக்கும் எச்சரிக்கை குடுத்தேனே, அதையும் திரும்ப வாங்கிக்கணும். நானே போய்ச் சொல்றேன். நீங்க வராதீங்க மாப்பிள்ளை, உங்களப் பாத்தா திட்ட வேண்டியதையும் சேத்து முழுங்கிடுவானுங்க." படியில் அவர் இறங்கும் சத்தம் வேகமாகக் கேட்டது. கீழே அவர் குரலும், அதற்குப் பின் பட்டறையில் யாரோ இரும்புத் தட்டைத் தட்டிய சத்தமும், கூச்சலும் கேட்டன.

அவள் கடிதத்தை நீக்கினாள். உண்மையிலேயே நீக்க வேண்டுமா என்று கணினி கேட்டது. உண்மையிலேயே என்றாள்.

அண்ணன் போகவில்லை. திரைக்கு அருகே வந்து, மேசையில் கறை படாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தான்.

"இது என்ன?"

"நீ போனது. ஒவ்வொரு தடவையும் ஒரு வரி."

"எல்லாமா?"

"எல்லாம்."

அவன் உதடு அசையப் படித்தான். "ஜனவரி ஒம்பது. இது அந்தப் பல் ஆஸ்பத்திரி. ரோப் நைஞ்சிருந்துது, மாத்தினேன். இது பதினாலு மாடி. கரண்ட் இல்ல, நடந்தே ஏறினேன். இது..." நிறுத்தினான். "இதுல ஒரு அம்மா கைக்குழந்தையோட மாட்டிக்கிச்சு. நாப்பது நிமிஷம். குழந்தை அழவே இல்ல, அந்தம்மாதான் அழுதுது. கதவத் தொறந்ததும் குழந்தைய எங்கிட்ட குடுத்துட்டு உக்காந்துடுச்சு. என் சட்டைல கிரீஸ். குழந்தை பூரா கிரீஸ்."

"இதெல்லாம் நீ சொன்னதே இல்ல."

"நீ கேட்டதில்ல."

மாப்பிள்ளை நாற்காலியை அவனிடம் தள்ளினார். சாப்பிடக் கூப்பிட வந்த ஸ்டோர்கீப்பர் படியிலேயே நின்றுவிட்டார். கிரீஸ் பேசிக்கொண்டிருந்தான். பிப்ரவரி முடிந்து மார்ச் வந்தது. துணிக் கிடங்கின் கதவை வாய் நிறையத் திட்டினான். ஒரு மோட்டாரின் சத்தத்தை வாயாலேயே போட்டுக்காட்டினான். திரையின் அடிவரி வந்ததும் நிமிர்ந்தான்.

"அவ்வளவுதானா?"

"இன்னும் இருக்கு," என்றாள் தங்கச்சி. விசையை அழுத்தி அடுத்த பக்கத்தைக் கொண்டுவந்தாள்.